கடைசி வண்டி வரும்வரை

அன்புள்ளவளுக்கு,

ஞாயிறன்று குழுவோடு பைக்கில் போனபோது, டார்னோவோ சாலைப் பிரிவில் வழிகாட்ட என்னை நிறுத்தினார்கள். கடைசி வண்டி கடக்கும்வரை நகரக்கூடாது. பதினாறு ஆண்டுகளாக அது உன் வண்டியாகத்தான் இருந்தது. இப்போது கடைசியாக வருவது ஸ்டாமென். கையசைத்துக் கடந்து போனான். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அரை மணி கழித்துத் திரும்பி வந்தான்.

"வாத்தியாரே, நான்தான் கடைசி! இன்னும் யாருக்குக் காவல்? அங்க பீன்ஸ் சூப் ஆறுது."

"எண்ணிக்கை தப்பிடுச்சுப்பா," என்றேன். பன்னிரண்டே வண்டி, நானோ கணக்கு வாத்தியார். அவன் சிரிக்கவில்லை.

வகுப்பில் வராத பிள்ளையின் பெயரையும் இரண்டு முறை கூப்பிடுவேன் இல்லையா, அதுபோலத்தான்.

நீ கோபித்துக்கொண்டு வர்ணா நகருக்கு, உன் தங்கை வீட்டுக்குப் போய் ஐந்து மாதம். வரும் ஞாயிறும் அதே பிரிவில் என்னையே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். வர்ணா சாலையும் அங்கேதான் வந்து சேர்கிறது.

உன் கணவன்