மூங்கில் குருத்துப் பாட்டில்

செப். 10, புதன்
காலையிலிருந்து மூட்டம். துவைத்தது எதுவும் காயவில்லை. சமையலறை அலமாரியில் ஒரே வீச்சம். எலி செத்துக் கிடக்கிறதோ என்று எல்லாவற்றையும் இறக்கினேன். எலி இல்லை. மருமகள் ஜோனாலியின் பாட்டில். அசாமிலிருந்து அவள் அம்மா கொடுத்தனுப்பியது. மூங்கில் குருத்தைத் துருவிப் புளிக்க வைத்தது. அவளுக்கு ஐந்து மாதம், வாந்தி நிற்கவில்லை. மகன் பிரபு அவளைப் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து விட்டதிலிருந்து, அதைத் தொட்டுக்கொண்டால்தான் சோறு இறங்குகிறது. தெரிந்தேதான் கொட்டினேன். பாட்டில் குப்பை வண்டிக்கு.

மதியம் தேடினாள். "பூனை தள்ளிடுச்சும்மா, ஒடஞ்சிபோச்சு" என்றேன். அப்போது வாய் கூசவில்லை.

செப். 11, வியாழன்
தூறல். கேஸ் புக் செய்ய வேண்டும்.
இவர் வந்து, "மருமவ குனிஞ்சிக்கினு இன்னா தேடுறா?" என்றார். போய்ப் பார்த்தேன். அலமாரிக்கு அடியில் ஈரத்துணியால் துழாவிக்கொண்டிருந்தாள்.
"கண்ணாடித் துண்டு இருக்கும் அத்தை. நீங்க செருப்பு போடல. கால்ல குத்தும்."
வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.
சாயங்காலம் கருவாட்டுக் குழம்பு. துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக் கொடுத்தாள்.

செப். 12, வெள்ளி
தூக்கமில்லை. சாமி படத்துக்குப் பூ வைக்கக் கை வரவில்லை. காபியோடு போய்ச் சொல்லிவிட்டேன். "பூனை இல்லம்மா. நாந்தான் கொட்னேன். நாத்தம் தாங்கல."
டம்ளரைக் கீழே வைத்தாள். "சொல்லியிருந்தா மாடில வெச்சிருப்பேன் அத்தை."
அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.
இவரிடமும் சொன்னேன். "மூங்கில்துறைப்பட்டுல பொறந்தவ நீ, உனக்கு மூங்கிலு நாறுதா?" இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.
அவள் தயிர்சோறு இரண்டு வாய். உடனே வாந்தி.

செப். 14, ஞாயிறு
நல்ல வெயில். மிளகாய் காயப்போட்டேன். இவர் குருத்து தேடிக் கல்வராயன் மலைக்குப் போய் வெறுங்கையோடு வந்தார். "பாரஸ்ட்காரங்க வெட்ட வுட மாட்டாங்களாம்."
மாலை சம்பந்தியம்மா வீடியோ காலில். மன்னிப்புக் கேட்கத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்து அசாமியில் ஏதோ கேட்டார். ஜோனாலி தயங்கினாள்.
"இன்னா கேக்குறாங்க?"
"நீங்களும் சாப்ட்டீங்களா, புடிச்சுதான்னு."
அம்மாவிடம் அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான் வாய் திறப்பதற்குள் அவளே பதில் சொல்லிவிட்டாள். அந்தம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.
"அடுத்த வாட்டி உங்களுக்குன்னு தனியா ஒரு பாட்டில் அனுப்புவாங்களாம் அத்தை." போனைப் பார்த்தபடியே சொன்னாள்.
கையெடுத்துக் கும்பிட்டேன். வேறு என்ன செய்ய.