டப்பாவில் விழுந்த நாலாவது சீட்டு

உன் போட்டோவை எடுத்துவைக்கலாம் என்று இன்று காலை நம் பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். அரைத்த மஞ்சள் வாசனை குப்பென்று வந்தது. வாஷியில் இந்த ஃப்ளாட்டில் இருப்பது பாக்கெட் மஞ்சள் தூள்தான். அடுப்பு கூட இன்னும் பற்றவைக்கவில்லை. நீ போய்ப் பதினேழு நாள் ஆகிறது. "சவத்தைத் தள்ளுட்டி, உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று நீ சொல்வது காதில் விழுந்தது. பயம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அறுபதுகளின் நடுவில், தாராவியில் நம் தமிழ்ப் பள்ளிக்கூடம், ஏழாம் வகுப்பு. சனிக்கிழமை கடைசி பீரியடில் பையன்களை மைதானத்துக்கு விரட்டிவிட்டு டீச்சர் கதவைச் சாத்துவார். மாட்டுங்காவிலிருந்து வருகிறவர், பேச்சே வேறு. "எதைக் கேக்கக் கூச்சமா இருக்கோ, அதை எழுதி இந்த டப்பாவிலே போடுங்கோ. பேர் போட வேண்டாம். நான் பதில் சொல்றேன்" என்பார். அதற்கு முன்னால் ஒவ்வொருத்தியும் எழுந்து நின்று, தலையைத் தொங்கப்போடாமல், தன் பேரைச் சத்தமாகச் சொல்லியாக வேண்டும். எனக்குக் காற்றுத்தான் வரும். நீ சொன்னால் மைதானத்துப் பையன்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பிறகு நீ வயசுக்கு வந்தாய். பள்ளிக்கூடம் நின்றது. தோல் கிட்டங்கியில் வேலை பார்த்த உன் அப்பா, மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிய உன்னை வீட்டை ஒட்டிய சாய்ப்பில் உட்காரவைத்து வெளியே கொண்டி போட்டார். ஊரில் தாய்மாமனுக்குப் பேசி முடித்தாயிற்று, இனி ரயிலேற்ற வேண்டியதுதான் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். உனக்குப் பதின்மூன்று வயது.

இனி என் அயோக்கியத்தனம். எனக்குக் கேட்க மூன்று கேள்விகள் இருந்தன. என் கையெழுத்தில் எழுதினால் டீச்சருக்குத் தெரிந்துவிடும். உன் எழுத்து இடப்பக்கம் சாயும், 'ர'வுக்கு வால் நீளம். அதை அச்சு அசலாக எழுத எனக்கு வரும். வகுப்பிலேயே இல்லாதவளை யார் கேலி செய்யப்போகிறார்கள்? மூன்று சனிக்கிழமை, மூன்று சீட்டு, எல்லாம் உன் எழுத்தில். இந்த வயிற்றுவலி நோயா என்று ஒன்று. பக்கத்து வீட்டு ஆள் கையைப் பிடித்தால் யாரிடம் சொல்வது என்று ஒன்று. மூன்றாவதை இப்போதும் எழுத மாட்டேன்.

டீச்சர் மூன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். ஆனால் முன்வரிசைக்காரிகள் எட்டிப் பார்த்துவிட்டார்கள். "ஏட்டி, இது அவ எழுத்துல்லா? அடைச்சு வச்ச பிள்ள எப்படி வந்து போடுது?" உன் காலி இடத்தின் பக்கம் யாரும் போகவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

நாலாவது சனிக்கிழமை நான் எதுவும் போடவில்லை. சத்தியமாகப் போடவில்லை. டீச்சர் ஒரு சீட்டைப் பிரித்ததும் மஞ்சள் வாசனை வந்தது. ஓரத்தில் ஈரம் காயாத மஞ்சள் விரல் ரேகை. "நான் உள்ளே இருக்கேன். பேர் சொல்லிக் கூப்பிடுங்க." அதே சாய்வு, அதே வால்.

டீச்சர் யாரையும் விசாரிக்கவில்லை. மணி அடித்ததும் "வாங்கோ" என்று முன்னால் நடந்தார். தோல் காயப்போட்ட சந்து வழியாக முப்பது பெண்கள் அவர் பின்னால் போனோம். உன் அப்பா வாசலில் மறித்தார்.

"டீச்சர், எம் பொண்ணு விஷயத்துல தலையிடாதீங்க. நாள் குறிச்சாச்சு."

டீச்சர் சீட்டை நீட்டினார். உன் அப்பா அதை வாங்கிப் பார்த்தார். "கொண்டிய நான்தான் போட்டேன். நோட்டு, பென்சில் அம்புட்டையும் அன்னைக்கே பழைய பேப்பர் கடையில போட்டாச்சு. இது எப்படி?"

உன் அம்மா வந்து அந்த விரல் ரேகையைப் பார்த்தாள். "ஐயோ, எம் பிள்ள உசிரு வெளிய அலையுதே!" என்று அலறினாள்.

டீச்சர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். முப்பது பேரும் உன் பேரைச் சொன்னோம். என் தொண்டையிலிருந்து சத்தம் வந்தது அன்றைக்குத்தான். மூன்றாம் முறை கூப்பிட்டபோது உள்ளேயிருந்து "இருக்கேன்!" என்றாய். கொண்டியை எடுக்க உன் அப்பா இரண்டு தரம் தடவினார்.

திங்கட்கிழமை நீ வகுப்பில் இருந்தாய். கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. மகள் மேல் பாசமா, பேய்ப் பயமா, எதனால் விட்டார் என்று தெரியாது. விட்டாரே, அது போதும்.

டீச்சர் மாற்றலாகிப் போனபோது டப்பாவை அந்த ஒரு சீட்டோடு என்னிடம் தந்தார். நீ நர்ஸானாய், உனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாய். நாற்பது வயதில், வடாலாவில் உன் வீட்டில் உட்கார்ந்துதான் என் திருட்டை ஒத்துக்கொண்டேன். விழுந்து விழுந்து சிரித்தாய்.

"அப்போ நாலாவதும் நீதாம்ட்டி எழுதியிருக்க."

"இல்லட்டி. நீ யார்கிட்டயோ குடுத்து விட்டேன்னுல்லா இத்தனை வருஷமா நெனச்சேன்."

உன் சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டேன். "என்கிட்ட பென்சிலே இல்லயேட்டி. சனிக்கிழமை ஆனா கண்ண மூடி அந்த டப்பாவையே நெனச்சுக்கிட்டிருப்பேன்" என்றாய்.

இன்று அந்தச் சீட்டைப் பிரித்தேன். தாள் பழுப்பேறி, மடிப்பில் கிழிந்திருக்கிறது. ரேகையின் மேல் விரலை வைத்தேன். மஞ்சள் ஒட்டியது. பயத்தில் சீட்டைக் கீழே போட்டுவிட்டேன், பிறகு அழுதேன். அழுது முடித்து எழுந்து நின்று, தலையைத் தொங்கப்போடாமல், உன் பேரை மூன்று முறை சத்தமாகச் சொன்னேன். பக்கத்து ஃப்ளாட் மராட்டிப் பெண் என்ன ஆச்சோ என்று ஓடிவந்தாள். வேறு யாரும் பதில் சொல்லவில்லை.

கேட்க எனக்கு ஒரு கேள்விதான் பாக்கி. அங்கே உன்னை யாராவது பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? இந்தக் கடிதத்தை நாலாக மடித்து டப்பாவில் போடுகிறேன். டீச்சர் சொன்னபடி பேர் போடவில்லை. ஆனால் இந்த முறை என் சொந்தக் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.