கசகசாப் பொட்டலம்

மச்சான்,

மருமகள் இப்போதுதான் அடுப்பில் கசகசா வறுத்து இறக்கினாள். அந்த வாசனை வந்தால் எனக்கு உன் பல் உடைந்த சத்தம் கேட்கும்.

மேட்டூரில் தண்ணீர் திறக்காமல் குறுவை நாற்றங்காலிலேயே கருகிய வருடம் அது. என் சின்னவளுக்குக் காது குத்தியதும் அப்போதுதான். நன்னிலத்திலிருந்து நாம் இருவரும் அரபு நாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போய் இரண்டாம் வருடம். கம்பெனி நம்மை பஸ்ஸில் ஏற்றி, எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டு வேலைக்கு அனுப்பியது.

புறப்படும் காலையில் எனக்கும் சேர்த்து நீதான் தயார் செய்தாய். எழுத்துத் தெரியாத நான் பாஸ்போர்ட்டைத் தலைகீழாக நீட்டிவிடாமலிருக்க, அதன் மேல் மூலையில் ஒரு நூல் கட்டினாய். "பேரு கேட்டா பேரு மட்டும் சொல்லு மாப்ள. வேற வாயத் தொறந்த, நானே அடிப்பேன்" என்று சிரித்தாய். என் பையைக் கொட்டி உதறினாய். ஊருக்குப் போய்வந்த ஆளிடம் என் வீட்டுக்காரி கொடுத்தனுப்பிய பொட்டலம் விழுந்தது.

"கசகசாவா? இங்க இது போதைப்பொருள்டா. குப்பையில போடு."

"கறிக்கொழம்புக்கு மச்சான்! தின்னுற பொருளப் போயி குப்பையில போடச் சொல்ற?"

"போடுறியா, ஜெயிலுக்குப் போறியா?"

போட்டேன். நீ குளிக்கப் போனதும் திரும்ப எடுத்தேன். விளைந்த பொருளைக் குப்பையில் விட்டுவர மனம் வரவில்லை. என் பையை நீ இன்னொரு முறை உதறுவாய். உன் பையை உதறமாட்டாய். உன் கைலி மடிப்புக்குள் வைத்தேன்.

எல்லையில் காவலர்களின் மோப்ப நாய் உன் பையருகே வந்து படுத்துக்கொண்டது. பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்து யாருடையது என்றார்கள். நீ என்னை ஒருமுறை பார்த்தாய். உனக்குப் புரிந்துவிட்டது.

"என்னுது சார்" என்றாய்.

துப்பாக்கிக் கட்டையால் ஒருவன் உன் வாயில் அடித்தான். பல் ஒன்று தெறித்து என் செருப்பருகே வந்து விழுந்தது. நீ சாய்ந்ததும் இன்னொருவன் காதின்மேல் பூட்ஸால் மிதித்தான். ரத்தம் கொப்பளித்த பிறகும் மிதித்தான். செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து நான் அந்தப் பல்லை எடுத்துக்கொண்டேன். பேர் கேட்டார்கள். நீ சொல்லிக்கொடுத்தபடி பேர் மட்டும் சொன்னேன். நூல் கட்டிய மூலையைப் பிடித்து பாஸ்போர்ட்டை நேராக நீட்டினேன். முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வருடம் சிறையிலிருந்து, ஒரு காது கேட்காமல் வந்தாய். ஊர் உன்னைக் கஞ்சாக்காரன் என்றது. வாய்க்கால் மதகில் ஒருவன் உன் முகத்துக்கு நேராகவே சொன்னான். மண்வெட்டிக் காம்பால் அவன் மண்டையைப் பிளந்தேன். வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டாய்: "அவன எதுக்குடா அடிச்ச? அடிபட வேண்டியவன் அவன் இல்லியே." அதற்குமேல் சாகும்வரை ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதும் மருமகள் பேனாவை நிறுத்திவிட்டாள். எழுதும்மா என்கிறேன்.

உன் பல் இன்னும் என் வெற்றிலைப் பையில் இருக்கிறது. நாளைக் காலை அதையும் இந்தக் கடிதத்தையும் உன் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். என் வீட்டுக்காரி போய்விட்டாள், மதகில் அடிபட்டவன் போய்விட்டான், நீயும் போய்விட்டாய். உன்னைக் கஞ்சாக்காரன் என்று நம்பியே உனக்குச் சோறு போட்டவள் ஒருத்திதான் மிச்சம்: உன் வீட்டுக்காரி, தங்கச்சி ராசாத்தி.