ராசம்மாவின் காடை

1957 பெப்ரவரி 10

ஞாயிறு. காலையில் பார்த்தால் காடைக் கூட்டின் அடிப்பலகை பெயர்ந்திருக்கிறது. கீரி வேலை. ஆறு காடையில் சின்னப் பெட்டைக்கு இறக்கை கிழிந்து தொங்கியது. "இது பொழைக்காதுக்கா" என்றான் தம்பி சோலைமலை. அவன் பெண்சாதி ராசம்மா அதை முந்தானையில் வாங்கிக்கொண்டாள். கல்யாணமாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இரண்டு வருடமாக இவற்றை வளர்த்தது நானும் தம்பியும். அவளுக்குக் காடையைப் பற்றி என்ன தெரியும்?

பெப்ரவரி 13

பிழைத்துவிட்டது. அடுப்படியில் கூடைக்குள் பழந்துணி விரித்து வைத்திருக்கிறாள். தோட்டத்து மருந்துச்சாலையில் ஊதா மருந்து வாங்கி வந்து தடவுகிறாள்.

பெப்ரவரி 17

தம்பி தேயிலை ஃபெக்டரியிலிருந்து வந்ததும் நேரே அடுப்படிக்குப் போகிறான். முன்பெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்குப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தாய் என்று கேட்பான். இப்போது இருவரும் கூடைக்கு முன்னால் குந்தியிருந்து சிரிக்கிறார்கள். நான் போனதும் சிரிப்பு நின்றது. ராசம்மா தேத்தண்ணி நீட்டினாள். "இஞ்சி போட்டிருக்கேன் மதினி." ருசியாகத்தான் இருந்தது. பாதியைக் கொட்டிவிட்டேன்.

அம்மா சாகும்போது அவனுக்கு ஒன்பது வயது. யார் வளர்த்தது அவனை? — யாரிடம் கேட்கிறேன்?

பெப்ரவரி 24

அவள் குரல் கேட்டால் காடை தலையைத் தூக்குகிறது. என் கையைக் கொத்துகிறது.

மார்ச் 2

இறக்கை ஆறிவிட்டது. எப்போது கூட்டில் விடலாம் என்று ராசம்மா கேட்டாள். "நீங்கதான் மதினி இதுங்களோட பழகுனவங்க."

எனக்குத் தெரியும். சில நாள் பிரிந்திருந்தாலே மற்றவை மறந்துவிடும், வேற்றுக் காடை என்று கொத்தும். நடுவே கம்பி வலை கட்டி, ஐந்தாறு நாள் ஒன்றையொன்று பார்க்க விட வேண்டும். அப்புறம்தான், அதுவும் பொழுது சாயும் நேரத்தில், உள்ளே விட வேண்டும்.

"நாளைக்கே விடலாம்" என்றேன்.

மார்ச் 3

விட்டேன். ராசம்மா மலையிலிருந்து கொட்டும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். முதலில் ஆண் காடை பாய்ந்தது, பிறகு எல்லாம். சின்னது மூலைக்கு ஓடி முகத்தைப் புதைத்துக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கைய நீட்டியிருக்கலாம். நீட்டல. ஏன் நீட்டல?

ராசம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். எடுக்கும்போது உச்சந்தலையில் தோல் இல்லை. அவள் கூட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். தெரிஞ்சிருச்சு அவளுக்கு.

சாயந்தரம் எப்படி ஆயிற்று என்று தம்பி கேட்டான். "நான்தாங்க அவசரப்பட்டுட்டேன்" என்றாள் ராசம்மா. அவன் அவளைத் திட்டினான். முதல் தடவையாக. இதுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்தேன்? சந்தோசமா இல்லையே.

மார்ச் 4

சொல்லிவிட்டேன். "அவ இல்லடா, நான்தான் விட்டேன். கொத்தும்னு தெரிஞ்சுதான், நடுவுல வலை கட்டாம விட்டேன்." தம்பி ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

மார்ச் 12

எட்டு நாளாகத் தம்பி முகம் கொடுத்துப் பேசவில்லை. சின்னக் காடைக்குத் தலைப்புண் பொருக்குத் தட்டிவிட்டது.

இன்று ராசம்மா கம்பி வலைத் துண்டோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். "எப்படிக் கட்டுறதுன்னு காட்டுங்க மதினி."

"என்னைய நம்புறியா?"

"கோவம் இருக்கு. ஆனா எனக்குக் கட்டத் தெரியாதே."

அவள் வலையை இழுத்துப் பிடித்தாள், நான் முறுக்கினேன்.

மார்ச் 18

இருட்டும் நேரத்தில் வலையை எடுத்தோம். இரண்டு கொத்து விழுந்தது. ஆண் காடை கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து, பார்த்து, திரும்பிப் போய்விட்டது. ராசம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். விட்டபோதுதான் தெரிந்தது.

செப்டம்பர் 25

ராசம்மாவை அவள் அம்மா பிள்ளைப்பேற்றுக்கு நோர்வூட்டில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒன்பது நாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. இன்று தபால் வந்தது, என் பெயருக்கு. கொட்டை கொட்டையான எழுத்து.

"எனக்கு ஒண்ணும் எழுதலயா?" என்று தம்பி எட்டிப் பார்த்தான். முகம் வாடியிருந்தது.

"சுகமா இருக்காளாம்" என்று மடித்துக்கொண்டேன். வலி எடுக்கையில் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் மதினி என்று எழுதியிருந்ததை அவனுக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.