தொண்ணூற்றாறு கிலோ

மார்ச் 9

தங்கைக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நாளை உன் அண்ணிக்குக் கண் ஆபரேஷன். விழித்திரை கிழிந்திருக்கிறது, தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொன்னதால்தான் நேற்று உன் சின்ன விமானத்துக்கு வந்தோம். நீ பைலட்டாகிப் பதினோரு வருஷத்தில் நான் அதில் ஏற வந்தது அதுதான் முதல் தடவை. நீ என்ன செய்தாய்? பார்சல் நிறுக்கிற தராசில் என்னை ஏற்றி, நாலு பேர் முன்னால் "தொண்ணூத்தாறு" என்று படித்தாய். "அண்ணா, நீங்க வர வேண்டாம். அண்ணிய மட்டும் கூட்டிட்டுப் போறேன்."

விமானம் கிளம்புவதைக்கூட நான் பார்க்கவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்று மாலை ரயிலில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நீ அங்கே வர வேண்டாம்.

அண்ணன்

மார்ச் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக அண்ணி சொன்னார்கள். அழுதுவிட்டேன். அன்று நடந்ததை அதுவரை உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். இப்போது "நீயே எழுதிடு, நான் சொன்னா நம்பமாட்டாரு" என்கிறார்கள்.

நீங்கள் பஸ் ஏறிய நேரத்தில் நாங்கள் ஓடுபாதையை விட்டு எழும்பினோம். சக்கரங்களை உள்ளே இழுத்த மறுநொடி இடது என்ஜின் படுத்துவிட்டது. தரையில் ஓடும்போதே போயிருந்தால் இரண்டையும் குறைத்து பிரேக் போட்டு நின்றிருப்பேன். இப்போது கீழே பாதை முடிந்துவிட்டது. எதிரே கிடங்குகள்.

மூக்கு இடப்பக்கம் இழுத்தது. வலது பெடலை முழு பலத்தோடு மிதித்து நேராக்கினேன். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்க என்ஜின்தான் போயிருக்கும். ஆனால் அவசரத்தில் நல்ல என்ஜினை அணைத்துச் செத்தவர்கள் உண்டு. அதனால் இடது என்ஜினின் விசைப் பிடியை மெல்லப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன். சத்தம் மாறவில்லை. சந்தேகம் தீர்ந்தது. அந்த என்ஜினின் விசிறி சும்மா சுற்றினால் நம்மையே பிடித்து இழுக்கும் என்பதால் இதழ்களைக் காற்றுக்கு ஒருக்களித்து நிறுத்தினேன்.

பின் சீட்டிலிருந்து அண்ணி குரல்: "இந்தப் பக்க ஃபேன் நின்னுடுச்சும்மா. உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"சரி, அப்ப நான் பேசல."

கிடங்கு நெருங்க நெருங்க மூக்கைத் தூக்கச் சொல்லிக் கை துடித்தது. தூக்கினால் வேகம் குறையும். குறைந்தால் ஓடுகிற என்ஜினே விமானத்தைப் புரட்டிப் போட்டுவிடும். ஒற்றை என்ஜினில் ஏறுவதற்கான வேகத்தைக் காட்ட வேகமானியில் ஒரு நீலக் கோடு உண்டு. முள் அதைவிட்டு இறங்காமல் பிடித்துக்கொண்டேன். நிமிடத்துக்கு நூறடிகூட ஏறவில்லை. கூரைத் தகரத்தில் ஒட்டுப்போட்ட இடம் தெரிந்தது. தாண்டினோம். போதிய உயரம் கிடைத்த பிறகே அகலமாக வளைந்து அதே பாதையில் வந்து இறங்கினேன். அண்ணியை ஆஸ்பத்திரிக்கு வேனில் அனுப்பி வைத்தேன். "லேட்டாயிடுச்சு" என்று அண்ணி உங்களிடம் சொன்னது அதைத்தான்.

அண்ணா, உங்களையும் சேர்த்தால் எடை விதிப்படி சரிதான். இரண்டு என்ஜினும் ஓடும்வரை. அன்றைய வெயிலில் காற்று லேசாகியிருந்ததால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏற முடியாது என்று கணக்கு சொன்னது. அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷக் கோபத்தில் நாலு பேர் முன்னால் படித்துவிட்டேன். அதற்கு மன்னித்துவிடுங்கள். இறக்கிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

உங்கள் தங்கை

ஏப்ரல் 2

என் அன்புச் சின்னுவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை அண்ணியே படித்துக் காட்டினாள், கட்டுப் பிரித்த கண்ணால். எழுத்தெல்லாம் கொஞ்சம் அலை அடிக்கிறதாம். போகப் போகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அவள் என்னைப் பார்த்து "தாடிய எடுங்க, சகிக்கல" என்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை எனக்குத் திருப்பிக் கொடுத்தவள் நீ. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இத்தனை நாள் எழுதாமல் இருந்துவிட்டேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தங்கச்சி என்ன செய்கிறாள் என்று கேட்பவர்களிடம் "ஏதோ டிராவல்ஸ் கம்பெனியில வேலை" என்றுதான் இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தேன். விழுந்துவிடுவாய் என்ற பயம். அதைக் கௌரவமாக மாற்றி முகத்தில் மாட்டிக்கொண்டேன்.

நேற்று ஊர் திரும்பியதும் நேராக விமானக் கொட்டகைக்குப் போனேன். நீ வேறு விமானத்தில் போயிருந்தாய். அந்த இடது என்ஜினைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தார் மெக்கானிக்.

"யார் சார் நீங்க? உள்ள வரக்கூடாது."

"இத ஓட்டின பைலட்டோட அண்ணன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க சார். உங்களுக்குப் பெருமையா இருக்குமே" என்றார்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். உனக்கு எழுதிச் சொல்லிவிடுகிறேன்: இருக்கிறது.

உன் அண்ணன்