வளையத்தில் வந்த ஒளி

டார்ம்ஸ்டாட், வெள்ளிக்கிழமை

என் பியானோக்காரனுக்கு,

வந்துவிட்டது! இன்று மதியம் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினோம்.

எலெக்ட்ரான்களை முழுவதும் உரித்துவிட்ட யுரேனிய அயனிகள் எங்கள் ஆய்வுக்கூடத்தின் வளையக் குழாயில் சுற்றிக்கொண்டிருந்தன. கூடவே வரும் எலெக்ட்ரான்களில் ஒன்றை அயனி பிடித்துக்கொண்டால், மிஞ்சும் ஆற்றல் ஒளியாக வெளியேற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத எக்ஸ் கதிர் அது. போன இரண்டு சோதனைகளிலும் கணினித் திரையில் வெறும் குப்பைதான். இன்று நான் கணக்கிட்ட இடத்திலேயே வரைபடக் கோட்டில் ஒரு சிகரம் மெல்ல எழுந்தது.

எங்கள் குழுத் தலைவர் குண்டோல்ஃப் திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, இது அழுக்கு இல்லையே?"

"அழுக்கு இவ்வளவு அழகா நிக்குமா சார்?"

சிரித்தே நான் பார்த்திராத மனிதர் என்னைத் தூக்கிச் சுற்றினார். "அடுத்த வருஷமும் இருப்பேல்ல?" என்றார். உன்னைக் கேட்காமல் எப்படிச் சொல்வது? வாயில் ரொட்டி இருப்பதுபோல் நடித்தேன்.

இந்த முறையும் பொய்த்தால் நம் ஊர் காஸலுக்கே திரும்பி, உன் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்காருவதாகச் சொல்லியிருந்தேன். எனக்காக நாற்காலிகூட வாங்கிவிட்டாராமே. நல்ல நாற்காலி வீணாகாது, யாராவது உட்காருவார்கள்.

வேறொன்றுமில்லை. இங்கே பியானோ வைக்கலாமா என்று வீட்டுக்காரம்மாவிடம் சும்மா கேட்டுவைத்தேன். "தாராளமா வைங்க. எனக்குத்தான் காது கேக்காதே! மாடி வீட்டுக்காரன் தவிக்கட்டும், அவனுக்கு நல்லா வேணும்" என்றார். இந்த ஊர் இசைப் பள்ளியில் ஆசிரியர் தேடுகிறார்களாம். அதையும் சும்மாதான் சொல்கிறேன்.

வாசல் கதவை அளந்துவிட்டேன். நீ பியானோவை அளந்து எழுது.

அளவு நாடாவை இன்னும் கீழே வைக்காத
உன் மனைவி