பாலைமரத்தடியில் ரோமாபுரி

மகாகனம் பொருந்திய மச்சான்,

எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் கையில் பாலைமரத்துப் பால் பிசுபிசுக்கிறது. ஓமடா, அந்தக் கொப்பு இறங்கிவிட்டது! உன் வீட்டுக் கூரைக்கு மேலே அரைவாசி வானத்தை மறைத்துக்கொண்டு நின்றதே, விழுந்தால் துணுக்காய் ஊர் முழுவதும் பாதாளத்துக்குப் போகும் என்று நான் சொல்லித் திரிந்தேனே, அதேதான்.

சண்டையில் இடம்பெயர்ந்து நாங்கள் திரும்பியபோது அந்த மரத்தடியில் ஒரு சாமிக்கல் இருந்தது. அதைக் கும்பிட்டவர்கள் திரும்பவில்லை; எந்தச் சாமி என்று சொல்ல ஆளில்லை. யாழ்ப்பாணத்துச் சனம் வைரவர் என்றது. மலையகத்துச் சனம் முனியாண்டி என்றது. யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் ஒருவரும் மரத்தில் கத்தி வைக்கவில்லை. சரித்திர வாத்தியாரான நீ மட்டும் சிரித்தாய்.

“ரோமாபுரி நாட்டுப்புறத்திலும் இதே வில்லங்கம்தானடா. தோப்புக்குள்ள சாமி இருக்கும், பேர் தெரியாது. வயல் செய்யிற கமக்காரன் மரம் தறிக்க முதல், ‘நீ ஆண் தெய்வமோ பெண் தெய்வமோ, இந்த இடம் ஆருடையதோ, பொறுத்துக்கொள்’ எண்டு மன்றாடி, ஒரு பண்டியைப் பலி குடுப்பான்.”

“பண்டிக்கு நான் ரெடி,” என்றேன்.

உன் மனைவி, என் தங்கச்சி, குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு வந்தாள். “சைவச் சாமியெண்டால் என்ன செய்வியள்? ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ!”

கொப்பு அப்படியே நிற்க, நீ கண்ணை மூடிவிட்டாய். பிறகு மழை வந்தால் அவள் கூரையைப் பார்த்தபடி கதிரையிலேயே இருப்பாள். என் வீட்டுக்குக் கூப்பிட்டால், “அவர் இருந்த வீட்டை விட்டிட்டு வரமாட்டன், அண்ணை.” இந்த மாரி தொடங்கியதும் கொப்பின் அடி வெடித்துவிட்டது. இனிப் பொறுக்கேலாது.

இன்று காலை, பன்றிக்குப் பதிலாகப் பொங்கல் வைத்தேன். மரம் அறுக்கும் வாளோடு வந்த மலையகத்துத் தம்பி தயங்கினான். “யாருன்னு சொல்லி கும்பிடுறது மாமா?”

ஏ-9 வீதியில் பஸ்களெல்லாம் நின்று கேட்கும் குரலில் உன் ரோமாபுரி மன்றாட்டைச் சொன்னேன். தங்கச்சியும் கும்பிட்டாள். கயிறு கட்டி அறுத்த கொப்பு, ஓர் ஓடும் உடையாமல் முற்றத்தில் வந்து படுத்தது.

இப்போது மத்தியான மழை கொட்டுகிறது. உள்ளே அவள் விடுகிற குறட்டையில் கிளிநொச்சி ரயில் பாதை மாறிப்போகும். கூரையை அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

மன்றாட்டை நான் கொஞ்சம் நீட்டிவிட்டேன், கோபிக்காதே. “நீ ஆராயிருந்தாலும்” என்றதோடு நிறுத்தவில்லை. “எங்கை இருந்தாலும்” என்றும் சேர்த்துச் சொன்னேன். இனி எந்த மரத்தடியிலும் அப்படித்தான் சொல்வேன். முன்பாதி சாமிக்கு. பின்பாதி உனக்கு.